காவல்துறை ஆய்வுகளின் போக்கைக் கணக்கிடுவது எப்படி, கட்டுரையை எங்கே அனுப்புவது

காவல்துறை பற்றிய ஆய்வில் இப்போது எது பேசப்படுகிறது, எது ஓய்ந்துவிட்டது என்று பார்க்க நினைப்பவர் முதலில் செய்வது, தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தட்டி, வருகிற ஆண்டுவாரி வரைபடத்தைப் பார்ப்பதுதான். கோடு ஏறுமுகமாக இருக்கும். இன்னொரு சொல்லைத் தட்டினால் அதுவும் ஏறுமுகம்தான். ஆய்விதழ்களின் எண்ணிக்கை, அவை வெளியிடும் கட்டுரைகள், தரவுத்தளம் சேர்த்துக்கொள்ளும் இதழ்கள் மூன்றும் ஆண்டுக்காண்டு கூடுகின்றன. அந்தப் பெருக்கத்தில் எல்லாத் தலைப்பும் வளர்வதாகத்தான் தெரியும்.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பகுதி எது என்று முடிவு செய்யாமல் தொகுதியை எண்ணினால் எண் கிடைக்கும், போக்கு கிடைக்காது. கீழே வரும் வேலைகளில் பெரும்பாலானவை அந்தப் பகுதியைச் சரியாக நிறுத்துவதற்கானவை.

எல்லை போடுவது

காவல் ஆய்வு என்பதற்கு மூன்று விதமாக எல்லை போடலாம்: காவல்துறைக்கென்றே வரும் ஆய்விதழ்களை மட்டும் எடுப்பது, தேடுசொல்லால் எல்லா இதழ்களையும் சலிப்பது, சில மூலக்கட்டுரைகளிலிருந்து மேற்கோள் வழியாக முன்னும் பின்னும் போவது. துறையின் மொத்தப் போக்கு வேண்டுமென்றால் முதல் வழியில் தொடங்குங்கள். ஒரே தலைப்பின் போக்கு வேண்டுமென்றால் இரண்டாவது. மூன்றாவது வழியைத் தனியாக நம்ப வேண்டாம். அது ஏற்கெனவே புகழ்பெற்றதையே திரும்பத் திரும்பக் காட்டும்.

இதழ்ப் பட்டியல் போடும்போது ஒவ்வொன்றின் தொடக்க ஆண்டையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தி போலீஸ் ஜர்னல் 1928லிருந்து வருகிறது. போலீசிங் அண்ட் சொசைட்டி 1990, போலீஸ் குவாட்டர்லி 1998, போலீஸ் பிராக்டிஸ் அண்ட் ரிசர்ச் 2000, ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் போலீசிங்: எ ஜர்னல் ஆஃப் பாலிசி அண்ட் பிராக்டிஸ் 2007, கேம்பிரிட்ஜ் ஜர்னல் ஆஃப் எவிடன்ஸ்-பேஸ்டு போலீசிங் 2017. எமரால்டு வெளியிடும் போலீசிங்: ஆன் இன்டர்நேஷனல் ஜர்னலின் வேர் 1978இல் வேறு பெயரில் தொடங்கிய இதழில் இருக்கிறது. இந்த ஆண்டுகளைப் பார்த்தாலே விஷயம் புரியும்: 1995ஐயும் 2010ஐயும் வெறும் எண்ணிக்கையில் ஒப்பிடுபவர் இடையில் பிறந்த இதழ்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பட்டியலோடு நிறுத்தவும் முடியாது. துறையையே திருப்பிப்போட்ட கட்டுரைகள் பல வேறு வீடுகளில் பிறந்தவை. குடும்ப வன்முறைப் புகாரில் கைது செய்வதன் விளைவைச் சோதித்த மினியாபொலிஸ் ஆய்வு 1984இல் ஒரு சமூகவியல் இதழில் வந்தது. அதே நகரில் 3 விழுக்காடு முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வருகின்றன என்று காட்டிய 1989ஆம் ஆண்டுக் கட்டுரை கிரிமினாலஜி இதழில் வந்தது. பிரச்சினை சார்ந்த காவல்பணி என்ற கருத்தை ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் 1979இல் முன்வைத்ததும் பொதுவான குற்றவியல் இதழ் ஒன்றில்தான். கன்சாஸ் சிட்டி ரோந்துச் சோதனையோ ஆய்விதழுக்கே போகவில்லை. 15 ரோந்துப் பகுதிகளை ஐந்தைந்தாக மூன்று குழுவாக்கி 1972 அக்டோபர் முதல் ஓராண்டு நடத்திய அந்தச் சோதனை, 1974இல் போலீஸ் ஃபவுண்டேஷன் அறிக்கையாக வெளிவந்தது. சிறு ஒழுங்கீனத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெருங்குற்றம் வளரும் என்ற ‘உடைந்த சன்னல்’ வாதம் 1982இல் ஒரு பொது மாத இதழில் வந்த கட்டுரை. ஆய்விதழ்களை மட்டும் அட்டவணைப்படுத்தும் தரவுத்தளத்தில் இந்தக் கடைசி இரண்டையும் தேடினால் கிடைக்காது. பிற கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில்தான் கண்ணில் படும்.

ஆகவே இரண்டு அடுக்காக வையுங்கள். முதல் அடுக்கு, காவல்துறைக்கென்றே உள்ள ஆறேழு இதழ்களின் எல்லாக் கட்டுரைகளும். இரண்டாவது அடுக்கு, பொதுக் குற்றவியல், சமூகவியல், பொருளியல், பொதுச் சுகாதார இதழ்களிலிருந்து தேடுசொல்லால் சலித்தெடுத்தவை. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தாலும் எந்த அடுக்கு என்று ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) குறித்துவிடுங்கள். முடிவுகளை இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

தேடுசொல்லில் இருக்கும் கண்ணிகள்

ஆங்கிலத்தில் போலீஸ், பாலிசி இரண்டுக்கும் முதல் ஐந்தெழுத்து ஒன்றுதான். அந்த ஐந்தெழுத்துக்குப் பிறகு நட்சத்திரக்குறி போட்டால் உலகத்துக் கொள்கை ஆய்வு முழுவதும் வந்து குவியும். புதிதாகத் தொடங்குபவர் கட்டாயம் ஒருமுறை விழும் குழி இது. போலீஸ், போலீசிங், போலீஸ்மேன், போலீஸ்வுமன் ஆகியவற்றை முழுச்சொல்லாகவே தனித்தனியே எழுதி ‘அல்லது’ போட்டு இணையுங்கள். லா என்ஃபோர்ஸ்மென்ட் என்பதை மேற்கோள்குறிக்குள் வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷெரிஃப், கான்ஸ்டபிள், ஜாந்தார்மரி, காராபினியேரி போன்ற பல நாட்டுக் காவல் பெயர்கள் தேவையா என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. கான்ஸ்டபிள் சேர்த்தால் அதே பெயருள்ள ஓவியரைப் பற்றிய கலைவரலாற்றுக் கட்டுரைகளும் கூடவே வரும்.

போலீசிங் என்ற சொல்லும் அப்படியொன்றும் சுத்தமானதல்ல. தேனீ, எறும்பு ஆய்வில், மற்ற வேலைக்காரிகள் இடும் முட்டைகளைத் தின்று அழிக்கும் நடத்தைக்கு இதே பெயர். கணினி வலையமைப்பில் தரவு வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் இதே பெயர். விளையாட்டுக் கோட்பாட்டில் குழுவுக்குள் ஏமாற்றுபவரைத் தண்டிப்பது, மொழியியலில் பேச்சைத் திருத்துவது, பாலின ஆய்வில் உடை, நடத்தையைக் கண்காணிப்பது எல்லாம் இதே சொல்தான். லா என்ஃபோர்ஸ்மென்ட் என்றால் வனவிலங்குப் பாதுகாப்பும் மீன்பிடிச் சட்டமும் வரும். பாட வகையைக் கொண்டு வடிகட்டினால் பெரும்பகுதி ஒழியும். ஆய்விதழ்களை அட்டவணைப்படுத்தும் வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் குற்றவியலுக்கும் சிறையியலுக்கும் தனி வகை உண்டு. அதுபோன்ற இன்னொரு தரவுத்தளமான ஸ்கோபஸில் காவல் இதழ்கள் சட்டம், சமூகவியல் முதலிய தலைப்புகளுக்குள் சிதறிக்கிடக்கும் என்பதால் அங்கே வடிகட்டியைத் தளர்வாக வையுங்கள்.

தலைப்பு, ஆய்வுச்சுருக்கம், கட்டுரையாளர் தந்த திறவுச்சொல் என்ற மூன்று புலங்களில் மட்டும் தேடுங்கள். வெப் ஆஃப் சயின்ஸ் தானாகச் சேர்க்கும் ‘கீவேர்ட்ஸ் பிளஸ்’ கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலுள்ள தலைப்புகளிலிருந்து எடுக்கப்படுவது. கட்டுரை எதைப் பற்றியது என்பதை விட அது யாரைப் படித்தது என்பதையே அது சொல்லும்.

தேடல் சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். வந்தவற்றிலிருந்து குலுக்கல் முறையில் 100 பதிவுகள் எடுத்துச் சம்பந்தமில்லாதவற்றை எண்ணுங்கள். 10க்கு மேல் போனால் சொற்றொடரை இறுக்குங்கள். அடுத்து, தேடலுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்த 30 முக்கியக் கட்டுரைகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை வலையில் விழுந்தன என்று பாருங்கள். 27க்குக் குறைந்தால் விடுபட்டவை என்ன சொல்லைப் பயன்படுத்தியிருக்கின்றன என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் தேடலுக்குப் பிறகு தயாரித்தால் சோதனைக்கு மதிப்பில்லை.

எங்கே தேடுவது? கூகுள் ஸ்காலர் ஆளைத் தேடவும் அறிக்கையைத் தேடவும் நல்லது, எண்ணிக்கைக்கு உதவாது. ஒரு தேடலுக்கு 1000 முடிவுக்கு மேல் காட்டாது. நேற்று வந்த எண்ணிக்கை இன்று வராது. பல்கலைக்கழகச் சந்தா இல்லாதவர்கள் 2022 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்அலெக்ஸைப் பயன்படுத்தலாம். இணைப்பு நிறுவன விவரங்களில் பிழை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஆய்விதழில் வராத அரசு அறிக்கைகளுக்கு அமெரிக்காவின் என்சிஜேஆர்எஸ் தளம், தலையீடுகளை மதிப்பிட்ட ஆய்வுகளுக்குக் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் குளோபல் போலீசிங் டேட்டாபேஸ். பின்னது 1950 முதல் திரட்டப்பட்டது.

இறக்கி, துப்புரவு செய்வது

மேற்கோள் பட்டியலோடு இறக்கினால் வெப் ஆஃப் சயின்ஸ் ஒரு தடவைக்கு 500 பதிவுதான் தரும். 4000 பதிவுகளுக்கு எட்டுக் கோப்பு. ஒரே நாளில் இறக்கி முடித்து, தேதியையும் தேடுசொற்றொடரையும் ஒரு உரைக்கோப்பில் போட்டு அதே கோப்புறையில் வையுங்கள். மேற்கோள் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். பாதியை இன்றும் மீதியை அடுத்த மாதமும் எடுத்தால் பிந்தியவை செல்வாக்கு மிக்கவையாகத் தெரியும்.

முதல் துப்புரவு இதழ்ப் பெயர். ‘போலீசிங்:’ என்று முக்காற்புள்ளியோடு தொடங்கும் இதழ்கள் இரண்டு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சில கோப்புகளில் இரண்டுமே வெறும் ‘போலீசிங்’ என்று நிற்கும், மென்பொருள் ஒரே இதழாக எண்ணிவிடும். எமரால்டு இதழின் பெயரில் முன்பு ‘போலீஸ் ஸ்ட்ராட்டஜீஸ் அண்ட் மேனேஜ்மென்ட்’ என்ற வால் இருந்தது. அந்தப் பெயரில் வந்தவை மூன்றாவது இதழாகப் பிரியும். பெயரை நம்பாமல், ஒவ்வொரு இதழுக்கும் உரிய ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு இதழின் அச்சு எண் 1752-4512, மின்பதிப்பு எண் 1752-4520. எமரால்டு இதழுடையது 1363-951 என்று தொடங்கி எக்ஸ் எழுத்தில் முடியும்.

இந்த எண்களை எக்செலில் திறக்கும்போது இன்னொரு விபத்து நடக்கும். பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கிரிமினாலஜியின் எண் 0007-0955. நடுவில் கோடு இல்லாமல் கோப்பில் வந்தால் எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னாலுள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும். 70955 என்று நிற்கும், எதோடும் பொருந்தாது. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி வழியாகப் போய் அந்தப் பத்தியை ‘உரை’ என்று குறித்துத் திறவுங்கள்.

இரட்டிப்புப் பதிவுகளை நீக்க, ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை முழுக்கச் சிறிய எழுத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். டிஓஐக்குப் பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதம் கிடையாது, ஆனால் எக்செல் தவிர மற்ற பல கருவிகளுக்கு உண்டு. டிஓஐ இல்லாதவற்றுக்குத் தலைப்பிலிருந்து நிறுத்தக்குறிகளை எடுத்துவிட்டு ஆண்டோடு சேர்த்து ஒப்பிடலாம். புத்தக மதிப்புரை, தலையங்கம், திருத்தக் குறிப்பு ஆகியவற்றை ஆவண வகையைப் பார்த்து அகற்றுங்கள். மதிப்புரைகளை விட்டுவைத்தால் ஒற்றைக் கட்டுரையாளர் விகிதம் காரணமில்லாமல் கூடிநிற்கும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தனியாகக் குறியுங்கள். காவலரின் இனத்துக்கும் துப்பாக்கிச்சூட்டில் இறப்பவரின் இனத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 2019இல் பிஎன்ஏஎஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையை அதை எழுதியவர்களே 2020இல் திரும்பப் பெற்றார்கள். அதுபோன்றவை தரவுத்தளத்தில் இருந்துகொண்டே இருக்கும், மேற்கோளும் சேர்ந்துகொண்டே போகும்.

திறவுச்சொல் துப்புரவுக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். சட்டையில் மாட்டும் கேமராவை அமெரிக்கர்கள் ‘பாடி-வோர்ன் கேமரா’ என்பார்கள், பிரிட்டனில் ‘பாடி-வோர்ன் வீடியோ’. வழியில் நிறுத்திச் சோதிப்பது அமெரிக்காவில் ஸ்டாப் அண்ட் ஃபிரிஸ்க், பிரிட்டனில் ஸ்டாப் அண்ட் சர்ச். இணைப்புக்கோடு, ஒருமை பன்மை, சுருக்கெழுத்து எல்லாம் சேர்ந்து ஒரே கருத்து எட்டுச் சொல்லாகப் பிரிந்திருக்கும். இரண்டு மாற்றுப்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது எழுத்துக்கூட்டல் வேறுபாட்டுக்கு மட்டும், யோசிக்காமல் இணைக்கலாம். இரண்டாவது கருத்தை இணைப்பது; அங்கே நிதானம் வேண்டும். பிரிட்டனின் நெய்பர்ஹுட் போலீசிங்கை கம்யூனிட்டி போலீசிங்கோடு இணைத்தால் வரைபடம் அழகாகும், ஆனால் அது தனித் திட்டமாக நடந்த வரலாறு காணாமல் போகும்.

ஆண்டு எது?

துப்புரவிலேயே இதற்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். ஒரு கட்டுரைக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் உண்டு: தரவு திரட்டிய ஆண்டு, இணையத்தில் முதலில் வந்த ஆண்டு, இதழில் பக்க எண்ணோடு வந்த ஆண்டு.

சட்டைக் கேமரா ஆய்வையே எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் ரியால்ட்டோவில் 54 முன்வரிசைக் காவலர்களை வைத்து நடந்த சோதனை 2012 பிப்ரவரியில் தொடங்கி 12 மாதம் நடந்தது. மொத்தம் 988 பணிமுறைகள் (ஷிஃப்ட்). 489இல் கேமரா, 499இல் இல்லை. கட்டுரை 2014 இறுதியில் இணையத்தில் வந்தது, இதழில் 2015. இடையில் 2014 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் காவலர் ஒருவர் கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்ற சம்பவம். இதழ் ஆண்டை மட்டும் வைத்து எண்ணுபவர், ஃபெர்குசனுக்குப் பதிலாகத்தான் இந்த ஆய்வு எழுந்தது என்று எழுதிவிடுவார். உண்மையில் தரவு அதற்கு முன்பே கையில் இருந்தது.

தொடர்ந்து பார்த்தால் ஒரு தலைப்பு எப்படி நகர்கிறது என்பது தெரியும். 2015 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை 32 மாநிலங்களில் 73 அமைப்புகளுக்கு 2.3 கோடி டாலருக்கு மேல் கேமராவுக்காக வழங்கியது. பணம் போன இடத்தில் தரவு பிறக்கும், தரவு பிறந்த இடத்தில் கட்டுரை பிறக்கும். வாஷிங்டன் நகரில் 2224 காவலர்களோடு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2017இல் அறிக்கையாகவும் 2019இல் ஆய்விதழிலும் வந்தது: பலப்பிரயோகத்திலும் புகார்களிலும் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. அதே 2019இல் 70 ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்புரை, 2020இல் 30 ஆய்வுகளை எடைபோட்ட, கேம்பெல் கூட்டமைப்பின் மறுஆய்வு. சம்பவம், பணம், முதல் சோதனை, பெரிய சோதனை, தொகுப்புரை என்ற இந்த வரிசையைப் பல தலைப்புகளில் பார்க்கலாம். தொகுப்புரை வந்துவிட்டது என்றால், ‘வேலை செய்கிறதா’ என்று மட்டும் கேட்கும் இன்னொரு கட்டுரைக்கு இடம் சுருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த ஆண்டைப் பயன்படுத்தினாலும் கோப்பு முழுவதும் ஒன்றையே பயன்படுத்துங்கள். போக்கு பார்ப்பதற்கு இணையத்தில் முதலில் வந்த ஆண்டு ஏற்றது. டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃபில் அந்த எண்ணை வைத்துக் கேட்டால் கிடைக்கும்.

வகைப்படுத்துவது

திறவுச்சொல்லை மட்டும் நம்பினால் முறையியலும் நாடும் பிடிபடாது. ஆய்வுச்சுருக்கத்தைப் படித்து, தேவைப்பட்டால் முறையியல் பகுதியைத் திறந்து, கையால் குறியிட வேண்டும். தலைப்பு, முறை, தரவின் நாடு, கட்டுரையாளரின் நாடு, ஆய்வு செய்யப்பட்ட காவல் அமைப்பின் அளவு, எழுதியவர்களில் பணியிலிருக்கும் காவலர் உண்டா, நிதி யாருடையது என்று ஏழு பத்தி போதும். 2000ஆம் ஆண்டில் வந்த காவல் ஆய்வுகளை இப்படி வகைப்படுத்திய கட்டுரை ஒன்று 2003இல் போலீஸ் பிராக்டிஸ் அண்ட் ரிசர்ச் இதழில் வந்தது. பின்னர் அதே முறையில் மற்ற ஆண்டுகளும் செய்யப்பட்டன. உங்கள் வகைகளை அவற்றோடு ஒட்டி அமைத்தால் ஒப்பிட வசதி.

தரவின் நாடும் கட்டுரையாளரின் நாடும் ஒன்றல்ல. தலைப்பில் நாட்டின் பெயரே இல்லையென்றால் அது பெரும்பாலும் அமெரிக்கத் தரவு. மற்ற நாட்டவர்கள்தான் தலைப்பிலேயே நாட்டைச் சொல்லிவிடும் கட்டாயத்தில் இருக்கிறார்கள். இதைக் குறியிடாமல் விட்டால் அமெரிக்காவின் பங்கு குறைவாகவே தெரியும். அமைப்பின் அளவுக்கும் காரணம் உண்டு: 2013 கணக்குப்படி அமெரிக்க உள்ளூர்க் காவல் அமைப்புகளில் 48 விழுக்காட்டில் பத்துக்கும் குறைவான முழுநேரக் காவலர்களே இருந்தார்கள். ஆய்வுகளோ பெருநகரங்களையே சுற்றுகின்றன.

இருவர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிடுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது 50. இங்கே ஒரு கணக்குத் தொல்லை. 50 கட்டுரைகளில் 44ஐ இருவரும் ‘அளவுசார் ஆய்வு’ என்கிறார்கள், 1ஐ இருவரும் ‘இல்லை’ என்கிறார்கள், 5இல் முரண் (ஒருவர் 2, மற்றவர் 3) என்று வைத்துக்கொள்வோம். ஒத்துப்போனது 90 விழுக்காடு. ஆனால் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் அளவான கோஹன் கப்பா 0.23தான் வரும். ஒரே வகை ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டாலும் 87 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். இரண்டு எண்ணையும் சொல்லுங்கள், முரண்பட்ட ஐந்தையும் உட்கார்ந்து பேசி விதியைத் திருத்துங்கள். பெரும்பாலும் கலப்பு முறைக் கட்டுரைகள்தான் அந்த ஐந்தாக இருக்கும்.

எண்ணுவது

ஒரு தலைப்பில் 2005இல் 200 கட்டுரைகளுக்கு 20, 2020இல் 500க்கு 45 என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல். பங்கோ 10 விழுக்காட்டிலிருந்து 9க்கு இறங்கியிருக்கிறது. வரைபடத்தில் எப்போதும் பங்கைப் போடுங்கள், மொத்த எண்ணிக்கையை அடியில் சிறிதாகப் போடுங்கள். ஆண்டுக்கு 30 கட்டுரைக்குக் குறைவான இதழ்களில் ஒரு சிறப்பிதழே கோட்டைத் தூக்கிவிடும் என்பதால் மூன்றாண்டுச் சராசரி எடுப்பது நல்லது. நடப்பு ஆண்டை விட்டுவிடுங்கள். அட்டவணைப்படுத்தல் முடிந்திருக்காது, கோடு விழுந்ததுபோல் காட்டும்.

2015இல் வெப் ஆஃப் சயின்ஸ் புதிய இதழ்களுக்கான தனி அட்டவணையைத் தொடங்கியது. அதையும் சேர்த்துத் தேடினால் அந்தக் காலத்தை ஒட்டி ஒரு திடீர் எழுச்சி தெரியும். அது துறையின் எழுச்சி அல்ல. தேடிய காலம் முழுவதும் அட்டவணையில் இருந்த இதழ்களை மட்டும் வைத்து ஒருமுறை திரும்ப ஓட்டிப் பாருங்கள். எழுச்சி மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

மேற்கோளை ஒப்பிடும்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் வெளிவந்து ஐந்தாண்டுக்குள் கிடைத்ததை மட்டும் எண்ணுங்கள். நாடுகளை எண்ணும்போது பின்ன முறையைப் பயன்படுத்துங்கள். ஆறு பேர் எழுதிய கட்டுரையில் ஒருவர் மட்டும் இன்னொரு நாட்டவர் என்றால் அந்த நாட்டுக்கு ஆறில் ஒன்றுதான். முழு எண்ணாகக் கொடுத்தால் கூட்டாக எழுதும் நாடுகளின் எண்ணிக்கை ஊதிப்பெருகும்.

திறவுச்சொல் வலைப்படத்துக்கு லைடனில் உருவான விஓஎஸ்வியூவர் மென்பொருள் போதும், ஆர் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு பிப்ளியோமெட்ரிக்ஸ். விஓஎஸ்வியூவரில் ஒரு சொல் குறைந்தது எத்தனை முறை வர வேண்டும் என்பது இயல்பாக 5 என்றிருக்கும். 3000 கட்டுரைகளுக்கு அது மயிர்க்கற்றைபோல் ஒரு படத்தைத் தரும். 60–100 சொற்கள் மிஞ்சும்வரை உயர்த்துங்கள். ‘போலீஸ்’, ‘போலீசிங்’ என்ற சொற்களையே நீக்கிவிடுங்கள், அவை நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கும். அளவுரு ஒன்றை மாற்றினால் கொத்துகளின் எண்ணிக்கை மாறும். எப்படி மாற்றினாலும் பிரியாமல் நிற்கும் கொத்துகளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். சொல்மேகப் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போடாதீர்கள்.

எங்கே அனுப்புவது

இதழைத் தேர்ந்தெடுக்கத் தாக்கக் காரணி கடைசியில் பார்க்க வேண்டியது. அது கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களின் சராசரி. இரண்டு மூன்று கட்டுரைகள் அதைத் தூக்கிவிட முடியும். முதலில் உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை இதழ்வாரியாக எண்ணுங்கள். எந்த இதழிலிருந்து அதிகம் எடுத்திருக்கிறீர்களோ அந்த இதழின் வாசகர்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அனுப்பப்போகும் இதழிலிருந்து ஒரு மேற்கோள்கூட இல்லையென்றால் பதிப்பாசிரியர் மதிப்பீட்டுக்கு அனுப்பாமலே திருப்புவதற்கு அது ஒன்றே போதும்.

பிறகு அந்த இதழின் கடைசி மூன்றாண்டு உள்ளடக்கத்தை மேலே சொன்ன ஏழு பத்தியில் போட்டுப் பாருங்கள். நேர்காணலும் களக்குறிப்பும் சார்ந்த வேலைக்கு போலீசிங் அண்ட் சொசைட்டி இணக்கமானது. குலுக்கல் முறைச் சோதனை என்றால் ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் கிரிமினாலஜியோ கேம்பிரிட்ஜ் இதழோ. பணியிலுள்ளவர்கள் படிக்க வேண்டும் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு இதழ். எமரால்டு இதழ் ஆய்வுச்சுருக்கத்தை நோக்கம், முறை, கண்டவை, புதுமை என்று தலைப்பிட்டுக் கேட்கும். ஒரே பத்தியாக அனுப்பினால் திருப்பிவிடும், அதில் ஒரு வாரம் போகும்.

இன்றைக்குச் சூடாக இருக்கும் தலைப்பைப் பார்த்து ஆய்வைத் தொடங்காதீர்கள். காவல் அமைப்பின் அனுமதி, நெறிமுறைக் குழு, தரவு, எழுத்து, இரண்டு சுற்றுத் திருத்தம் எல்லாம் முடிய மூன்று நான்கு ஆண்டு சுலபமாக ஓடிவிடும். அதற்குள் தொகுப்புரையே வந்திருக்கும். உங்கள் அட்டவணையில் வெறுமையாகக் கிடக்கும் கட்டங்கள்தான் மேலான வழிகாட்டி: சிறிய அமைப்புகள், சீருடை அணியாத பணியாளர்கள், ஆங்கிலம் பேசாத நாடுகள், முதல் சோதனைகளை வேறிடத்தில் திரும்பச் செய்து பார்ப்பது.

பிரசுரத்தில் பெரிய சிக்கல் இதழால் வருவதல்ல, தரவு தந்த காவல் அமைப்பால் வருவது. தரவு கைக்கு வருமுன்பே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அமைப்பு வரைவைப் பார்த்துப் பிழை சுட்ட 30 நாள், வெளியீட்டைத் தடுக்க உரிமை இல்லை, பெயரை மறைப்பதா வேண்டாமா, அதிகாரி மாறினாலும் ஒப்பந்தம் நிற்குமா — இந்த நான்கும் கட்டாயம். கடைசியை எல்லோரும் மறப்பார்கள். தலைமை மாறியதும் தரவு நின்றுபோவது அடிக்கடி நடப்பது. பெயரை மறைப்பதென்றால் முழுவதும் மறையுங்கள். ‘நடுத்தர நகரக் காவல்துறை ஒன்று’ என்று கட்டுரையில் எழுதிவிட்டு, நன்றியுரையில் அதே துறையின் தலைவருக்குப் பெயர் சொல்லி நன்றி தெரிவிப்பவர்கள் உண்டு. மக்கள்தொகையை ஒற்றை இலக்கம்வரை கொடுத்தாலும் அதே கதிதான்.

மாற்றம் எதுவும் இல்லை என்ற முடிவு வந்தாலும் அனுப்பலாம். சோதனையை முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் கதவு எளிதில் திறக்கும். பதிவு செய்யாமல், எதிர்பார்த்த விளைவு வராதபோது துணைக்குழுக்களைக் கிளறித் தேடியெடுத்த ஒன்றைத் தலைப்பில் வைத்தால் மதிப்பீட்டாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏற்கப்பட்ட கைப்பிரதியை எவ்வளவு காலம் கழித்து இலவசமாக வைக்கலாம் என்பதைப் பதிப்பகத்தின் பக்கத்தில் பார்த்து, 2020இல் தொடங்கிய கிரிம்ஆர்க்கைவ் தளத்தில் வையுங்கள். காவல் அமைப்புகளில் இருப்பவர்களிடம் ஆய்விதழ்ச் சந்தா இருப்பதில்லை. இலவசப் பிரதி இல்லையென்றால் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்கள் படிக்கவே மாட்டார்கள்.

போக்கு ஆய்வுக் கட்டுரை என்றால் தரவையும் செனோடோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் வையுங்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் பதிவுகளை அப்படியே பகிர உரிமம் இடம்தராது. டிஓஐ பட்டியல், உங்கள் குறியீடுகள், இரண்டு மாற்றுப்பட்டியல்கள், தேடுசொற்றொடர், இறக்கிய தேதி ஆகிய ஐந்தையும் வைக்கத் தடையில்லை. அடுத்தவர் அதை வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும்.